ரொட்டிக்கு எத்தனை பொருள்? எத்தனை வரி?



தமிழில் 'பொருள்' என்ற சொல்லுக்கே இரண்டு பொருள். ஒன்று அர்த்தம், மற்றொன்று நாம் வாங்கி விற்கும் சரக்கு. செல்வத்தையும் சேர்த்துக்கொண்டால் மூன்று. 'வரி' என்ற சொல்லும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வரி என்றால் நோட்டுப் புத்தகத்தில் போட்ட கோடு. கல்லாவில் உட்கார்ந்த பிறகு வரி என்றால் அது வேறு. ஒரு சொல்லில் இரண்டு பொருள் வைப்பதைப் புலவர்கள் சிலேடை என்று சொல்லிக் கொண்டாடினார்கள். காளமேகப் புலவர் அதற்கென்றே பேர் பெற்றவர். நமக்குப் புலமை கிடையாது. ஆனாலும் நம் கடைகளில் சிலேடை இல்லாத நாளே கிடையாது. அதிலும் ரொட்டி, பன், ரஸ்க், டோஸ்ட் என்ற இந்த வகையறாவில் இருக்கிற சொற்குழப்பம் வேறு எந்தச் சரக்கிலும் இல்லை. இது சிரித்துவிட்டுப் போகிற சங்கதி மட்டும் என்றால் நம் இதழின் பக்கங்களை அடைத்திருக்க மாட்டேன். இதனால் வியாபாரியின் காசும் போகிறது, வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் 'ரொட்டி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சல்காரருக்குப் பாலும் ரொட்டியும் கொடு என்றால் அது பேக்கரி பிரட். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் இரவுக் கடையில் உட்கார்ந்து "ரெண்டு ரொட்டி, சால்னா" என்று சொல்லிப் பாருங்கள், பரோட்டா வரும். பொரிச்ச ரொட்டி என்றால் எண்ணெயில் போட்டெடுத்த பரோட்டா. வடநாட்டுச் சாப்பாடு போடும் ஓட்டலில் ரொட்டி என்றால் தந்தூரி அடுப்பில் சுட்டது, அல்லது சப்பாத்தி. வயதான பெரியவர்கள் சிலர் பிஸ்கட்டையும் ரொட்டி என்றுதான் கேட்பார்கள். கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் ரொட்டி என்பது தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டிச் சுடுவது. கொத்து ரொட்டி என்பது நம் கொத்துப் பரோட்டாவுக்கு அண்ணன் தம்பி. பேக்கரி ரொட்டிக்கு அங்கே பெயர் 'பாண்'. போர்த்துக்கீசியர் விட்டுப் போன சொல் அது. பம்பாயில் பாவ் பாஜி என்று விற்கிறார்களே, அந்தப் பாவும் இந்தப் பாணும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். யாழ் வாசித்த பாணன் ஒருவனுக்குப் பரிசாகக் கிடைத்ததால் யாழ்ப்பாணம் என்று பெயர் வந்ததாகக் கதை சொல்வார்கள். அந்தப் பாணனுக்கும் காலையில் பேக்கரி வண்டியில் வரும் பாணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் சிலேடைக்காரர்களுக்குச் சம்பந்தம் எதற்கு?

நண்பர்களோடு வடநாட்டு ஓட்டலுக்குப் போயிருப்பீர்கள். "எனக்கு நான், இவருக்கும் நான்" என்று ஒருவர் ஆர்டர் கொடுக்க, "உங்களுக்கு நீங்கள், சரி, அவருக்கும் நீங்களேவா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். பாரசீகத்தில் நான் என்றால் ரொட்டி. தமிழில் நான் என்றால் நான். இந்த ஒரு வேடிக்கை தமிழனுக்கு மட்டுமே வாய்த்தது.

டீக்கடைப் பலகையில் எழுதியிருக்கும் பன், பட்டர், ஜாம் மூன்றிலும் விளையாட்டு இருக்கிறது. 'ஜாம்' பழப்பாகு, கடை ஷட்டர் பாதியில் நின்றுவிட்டாலும் ஜாம், கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது என்றும் சொல்கிறோம். 'பட்டர்' என்றால் ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குக் கைங்கரியம் செய்கிறவர். "பட்டர் இருக்கிறாரா?" என்று கேட்டால் ஆளைக் கேட்கிறோம், "பட்டர் இருக்கா?" என்று கேட்டால் சரக்கைக் கேட்கிறோம். பன்னுக்கு நான் ஒரு கதையே சொல்லலாம். முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டியை வேகமாகச் சொன்னால் பன்ரொட்டி ஆகிவிடுகிறது. என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் தீபாவளிச் சமயத்தில் வெளியூரில் இருந்துகொண்டு கடைப் பையனுக்குப் போன் செய்து, "பண்ருட்டி பத்து கிலோ சொல்லி வை" என்றார். பையன் பக்கத்து பேக்கரியில் பன்ரொட்டி பத்து கிலோ சொல்லி வைத்துவிட்டான். பன்னை எவர் கிலோக் கணக்கில் வாங்குவார் என்று பேக்கரிக்காரர் திருப்பிக் கேட்டதால் தப்பித்தார்கள்.

பண்ருட்டி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இது ரொட்டிக்குச் சம்பந்தமில்லாதது என்றாலும் மளிகைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. முந்திரிப் பருப்பில் நாம் அதிகம் விற்பது 320 நம்பர். ஒரு பவுண்டுக்கு 320 பருப்புக்கு மேல் நிற்காத ரகம் என்பது அதன் கணக்கு. நம் பாட்டனார் காலத்துக் கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்ற பின்னம் ஒன்று உண்டு. அதன் மதிப்பு என்ன தெரியுமா? 320-ல் ஒரு பங்கு. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனாலும் என்ன பொருத்தம்!

ரொட்டிக்கு வருவோம். சென்னை டீக்கடைகளில் கண்ணாடி ஜாடிக்குள் காய்ந்து கிடக்குமே, அதற்குப் 'பொறை' என்று பெயர். திருக்குறளில் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. டீயில் நனைக்காமல் அந்தப் பொறையைக் கடிக்கிறவனுக்கு வள்ளுவர் சொன்ன பொறையும் கொஞ்சம் வேண்டும். ரஸ்க்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரிஸ்க்கையும் ரஸ்க்கையும் சேர்த்து வடிவேலு பேசிய வசனத்துக்குப் பிறகு, ரஸ்க் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும்போது சிரிக்காத வாடிக்கையாளர் குறைவு. அந்தச் சொல்லின் பூர்வீகம் 'ரோஸ்கா' என்ற போர்த்துக்கீசியச் சொல். முறுக்கிச் செய்த ரொட்டி என்று அர்த்தமாம். ஆக, ரஸ்க்கை நேராகத் தமிழ்ப்படுத்தினால் முறுக்கு! 'பிஸ்கட்' என்பதற்கு லத்தீன் மூலத்தில் இரண்டு தடவை வெந்தது என்று பொருள். ஆனால் இன்றைக்கு பிஸ்கட் ஒரு தடவைதான் அடுப்புக்குப் போகிறது. ரொட்டியாகச் சுட்டு, துண்டு போட்டு, மறுபடியும் அடுப்பில் வைத்து ஈரத்தை எடுப்பது ரஸ்க்கைத்தான். பெயர் ஒருவரிடம், வேலை இன்னொருவரிடம். நம் கடைகளிலும் அப்படிச் சிலர் உண்டு.

வெள்ளைக்காரர்களின் மொழியிலும் ரொட்டி பல வேஷம் போட்டிருக்கிறது. விருந்தில் கோப்பையைத் தூக்கி ஒருவரை வாழ்த்துவதற்கு டோஸ்ட் என்று பெயர் வந்தது எப்படி? முன்காலத்தில் இங்கிலாந்தில் மசாலா தடவி வாட்டிய ரொட்டித் துண்டை மதுக் கோப்பைக்குள் வாசனைக்காகப் போட்டுக் குடிப்பார்களாம். 17-ம் நூற்றாண்டில், எந்தப் பெண்மணியின் பெயரைச் சொல்லிக் குடிக்கிறார்களோ அவரே அந்த மதுவுக்கு வாசனை என்று முகஸ்துதி பேசி, அவரையே டோஸ்ட் என்று அழைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் வாழ்த்தும் சடங்குக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. பிரபு என்பதற்கு அவர்கள் சொல்லும் 'லார்ட்' என்ற சொல்லின் பழைய வடிவத்துக்கு ரொட்டிக் காவலன் என்றும், 'லேடி' என்பதற்கு மாவு பிசைகிறவள் என்றும் பொருள். பணத்துக்கு அங்கே கொச்சையாக ரொட்டி என்றும் சொல்வார்கள், பிசைந்த மாவு என்றும் சொல்வார்கள். இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது 'கம்பெனி'. லத்தீனில் பானிஸ் என்றால் ரொட்டி. ஒன்றாக உட்கார்ந்து ரொட்டியைப் பகிர்ந்து தின்கிறவர்கள் என்பதுதான் கம்பெனி என்ற சொல்லின் அடி. நம்மில் எத்தனை பேர் போர்டில் '& கம்பெனி' என்று எழுதி வைத்திருக்கிறோம்! பங்காளிகளோடு கணக்கு முடிக்கும்போது அந்த அர்த்தம் ஒருவருக்கும் நினைவில் இருப்பதில்லை.

பேச்சும் பில்லும்

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பமாகிறது. வாயால் பேசும்போது ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் இருந்தாலும் ஆபத்தில்லை. பட்டர் 'இருக்கிறாரா', 'இருக்கா' என்று வினைச்சொல் காட்டிக் கொடுத்துவிடுகிறது. கேட்கிறவரின் முகம், ஊர், நேரம் எல்லாம் சேர்ந்து அர்த்தத்தைச் சொல்லிவிடுகின்றன. ஆனால் பில்லில் வினைச்சொல் கிடையாது. அங்கே இருப்பது சரக்கின் பெயர், எடை, விலை மட்டுமே. பெயர் ஒன்றுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால், எந்த அர்த்தம் என்று தீர்மானிக்கிற உரிமை எழுதியவனுக்கு இல்லை, படிக்கிற அதிகாரிக்குப் போய்விடுகிறது.

வியாபாரத்தில் மறைபொருள் வைத்துப் பேசுவது புதிதல்ல. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்று சொல்வதை இலக்கணப் புத்தகத்திலேயே குழூஉக்குறி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். (துண்டு என்பதும் பலபொருள் சொல்தான். ரொட்டியில் துண்டு விழுந்தால் நல்லது, கணக்கில் துண்டு விழுந்தால் கஷ்டம்.) ஆனால் பறி என்று சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது பொன் என்று தெரியும். துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைக்கும் விலை தெரியும். இரண்டு பேருக்கும் இரண்டு அர்த்தமும் தெரிந்திருந்தால் அது விளையாட்டு, அல்லது தொழில் நுணுக்கம். ஒருவருக்கு மட்டும் தெரிந்து மற்றவருக்குத் தெரியாவிட்டால் அதற்கு வேறு பெயர்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து பிரட்டுக்கு வரி இல்லை. பிராண்டு போட்டதானாலும் இல்லை. அதே பிரட்டைத் துண்டு போட்டு, வாட்டி, பாக்கெட்டில் அடைத்தால் 5 சதவீதம். எச்.எஸ்.என். பட்டியலில் 1905 என்பது ரொட்டி, பிஸ்கட் வகையறா. அதிலே 1905 40 என்ற உட்பிரிவு ரஸ்க், வாட்டிய ரொட்டி, அதுபோன்ற வாட்டிய சரக்குகளுக்கு என்று தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆக, ரொட்டி இரண்டாம் முறை அடுப்புக்குள் போனால் வரியும் உடன் வருகிறது. தவறு என்று நான் சொல்லவில்லை. அரசாங்கம் எங்காவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது தெருக்கோடி மளிகைக் கடைக்காரருக்கு அவர் பேசுகிற வார்த்தையில் தெரிய வேண்டாமா?

எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். நம்மூரில் டோஸ்ட் என்றால் டீக்கடையில் சூடாகத் தருகிற பிரட் டோஸ்ட். ஆனால் குஜராத், பம்பாய்ப் பக்கத்தில் நாம் ரஸ்க் என்று சொல்வதைத்தான் டோஸ்ட் என்கிறார்கள். அங்கிருந்து வந்த ஒரு பேக்கரிக்காரர் இங்கே தொழில் ஆரம்பித்து, ரஸ்க் பாக்கெட்டுகளை 'டோஸ்ட் பிரட்' என்று பில் போட்டு, பிரட் என்ற கணக்கில் வரி இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். வாங்கிய நம் வியாபாரியும் பில்லில் இருந்த பெயரைப் பார்த்து, அதே பெயரில், அதே வரியில்லாக் கணக்கில் சில்லறைக் கடைகளுக்குப் போட்டார். எவரும் கள்ளக் கணக்கு எழுதவில்லை. தணிக்கை வந்தபோது பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்த அதிகாரி, "இது பிரட் இல்லை, ரஸ்க்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். விட்டுப்போன வரி, ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். பேக்கரிக்காரர் தன் பங்கைக் கட்டிவிட்டு, வாங்கியவர்களிடம் வித்தியாசத்தைக் கேட்டு வந்தார். நம் வியாபாரிக்கோ தனியாக ஒரு நோட்டீஸ். விற்று முடித்து, காசைப் புரட்டி, மறந்தே போன சரக்குக்கு எவரிடம் போய் அந்த 5 சதவீதத்தை வாங்குவது? மளிகையில் ரஸ்க்குக்கு என்ன லாபம் நிற்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டோஸ்ட் விற்றவர் கடைசியில் டோஸ் வாங்கினார்.

பரோட்டா வழக்கு

சொல்லுக்காக நடந்த சண்டையில் பெரிய சண்டை பரோட்டாவுடையது. சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் 5 சதவீதம் என்று பட்டியலில் இருந்தது. பரோட்டா என்ற பெயர் அதில் இல்லை. பெங்களூரில் மாவும் பரோட்டாவும் பாக்கெட்டில் விற்கிற ஒரு நிறுவனம், எங்கள் பரோட்டாவும் ரொட்டிதானே என்று கர்நாடக முன்தீர்ப்பு ஆணையத்திடம் கேட்டது. 2020-ல் ஆணையம் சொன்ன பதில், இல்லை என்பது. ரொட்டி அப்படியே தின்னத் தயாரானது; பாக்கெட் பரோட்டாவைத் தின்பதற்கு முன் கல்லில் போட்டுச் சூடாக்க வேண்டும்; ஆகவே அது ரொட்டி அல்ல, 18 சதவீதம் என்றார்கள். அப்போது பத்திரிகைகளும் பொதுமக்களும் எவ்வளவு கேலி பேசினார்கள் என்பது நினைவிருக்கும். ஓட்டலில் உட்கார்ந்து தின்றால் உணவகக் கணக்கில் 5 சதவீதம். அதையே பாக்கெட்டில் வாங்கி வீட்டில் சூடாக்கினால் 18. குஜராத்திலும் 18 என்றே தீர்ப்பானது. கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் மலபார் பரோட்டாவும் ரொட்டியைப் போன்றதுதான், 5 சதவீதம் போதும் என்று சொன்னது. ஆக, ஒரே பரோட்டாவுக்குப் பெங்களூரில் ஒரு பொருள், கொச்சியில் ஒரு பொருள். கடைசியில் 2025 செப்டம்பர் 3-ல் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், சப்பாத்தி, ரொட்டி, பரோட்டா எல்லாவற்றுக்கும் சேர்த்து வரியே இல்லை என்று முடிவெடுத்து, செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்தது. தூத்துக்குடி இரவுக் கடையில் "ரெண்டு ரொட்டி" கேட்கிறவர் இத்தனை காலமாகச் சொல்லி வந்ததைத் தில்லி ஒப்புக்கொள்ள எட்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பன்னும் இதில் தப்பவில்லை. 2024 செப்டம்பரில் கோவையில் மத்திய நிதியமைச்சர் கலந்துகொண்ட கூட்டத்தில் ஓட்டல் அதிபர் ஒருவர், பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் க்ரீமைத் தனியாகக் கொடு, நானே தடவிக்கொள்கிறேன் என்கிறார் என்று பேசியது நாடு முழுவதும் பரவிற்று. பிறகு நடந்தது அரசியல், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒவ்வொரு வியாபாரியின் வாயிலும் இருந்த கேள்வி.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த கிரகசாரம் என்று நினைக்க வேண்டாம். அயர்லாந்தில் சப்வே என்ற உணவுக் கடையை நடத்தும் ஒரு நிறுவனம், நாங்கள் விற்பது ரொட்டி, அதற்கு வரிச் சலுகை வேண்டும் என்று வழக்குப் போட்டது. அந்நாட்டுச் சட்டப்படி ரொட்டி என்றால் அதில் சர்க்கரை, மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கடை ரொட்டியில் 10 சதவீதம் இருந்தது. ஆகவே அது ரொட்டியே அல்ல என்று 2020-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு கடைக்குப் பாதகம்தான். ஆனால் அங்கே ரொட்டி என்றால் என்ன என்பதை நூற்றுக்கு இத்தனை என்று எடைக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். மாவு பிசைவதற்கு முன்பே வரி என்ன என்று தராசைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் பக்கத்துக் குற்றம்

அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிவிட்டு எழுந்துவிட்டால் அது நியாயமாகாது. பாக்கெட்டின் மேல் நடக்கும் சிலேடைக்கு நாமும் உடந்தையாக இருக்கிறோம்.

சர்க்கரை நோய் உள்ள ஒருவர் வந்து "கோதுமை பிரட் கொடுங்கள்" என்கிறார். 'கோதுமை' என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்த பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கிறோம். அவர் கேட்டது முழுக் கோதுமை, தவிடு நீங்காதது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் முதலில் இருப்பதோ 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு'. அது என்ன? மைதா. மைதாவும் கோதுமையிலிருந்து வருவதுதான், ஆகவே பொய் என்று எவரும் சொல்ல முடியாது. 'சுத்திகரிக்கப்பட்ட' என்ற சொல்லைப் பாருங்கள். தண்ணீரைச் சுத்திகரித்தால் நல்லதாகிறது, எண்ணெயைச் சுத்திகரித்தால் தெளிகிறது, ஆகவே கோதுமையைச் சுத்திகரித்தாலும் உயர்ந்தது என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்கிறார். மைதா என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பார். இலங்கைத் தமிழர் ஒருவர் கடைக்கு வந்தால் கதை தலைகீழ். அவருக்குக் கோதுமை மா என்றாலே வெள்ளை மாவுதான்; நாம் சொல்லும் கோதுமை மாவை அவர் ஆட்டா மா என்பார்.

பழுப்பு நிறமாக இருந்தால் முழுக் கோதுமை என்ற நம்பிக்கையும் அப்படித்தான். கேரமல் என்னும் கருக்கிய சர்க்கரை நிறம் சேர்த்தாலும் ரொட்டி பழுப்பாகும். பின்பக்கத்தில் 150 என்ற எண் இருந்தால் அது கேரமல் நிறம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சட்டப்படி, எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். ஆகவே அந்தப் பட்டியலில் முதல் பெயரைப் படித்துவிட்டால் பாதி உண்மை தெரிந்துவிடும். இதற்கு அரை நிமிஷம் போதும். கடைப் பையன்களுக்கும் சொல்லி வைக்கலாம். இன்னொரு சங்கடம், லேபிளில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்பதுதான் விதி. தமிழ், உற்பத்தியாளர் விரும்பினால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்மாருக்கு முன்பக்கத்துப் படம் ஒன்றுதான் லேபிள். மீதிக்கு அவர் நம்புவது கடைக்காரரின் வாயை.

"அச்சடித்து வருவதை விற்கிறோம், அதில் நமக்கென்ன பொறுப்பு?" என்று நம் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். போன மாதம்கூட ஒருவர் என்னிடம் இப்படியே வாதாடினார். சட்டப்படி அவர் சொல்வது பெருமளவு சரி. ஆனால் கம்பெனிக்காரன் ஊர் எங்கோ இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்கள் கொடுத்த கோதுமை ரொட்டிதானே சாப்பிட்டேன்" என்று அந்தப் பெரியவர் வந்து நிற்கப்போவது நம் கல்லாவுக்கு எதிரேதான். நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம் ஒரே மளிகைக் கடையில் பற்று வைத்திருப்பது விலைக்காக மட்டுமல்ல. விலையை எந்தப் பெரிய அங்காடியும் குறைத்துவிடும். "அண்ணாச்சி, இது நல்லதா?" என்று கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. அந்தக் கேள்விக்கு நாம் கொடுக்கிற பதிலில் இரண்டு அர்த்தம் இருந்தால் நம்மிடம் மிச்சம் என்ன இருக்கிறது? 'இது மைதா கலந்தது, முழுக் கோதுமை வேண்டுமென்றால் அது வேறு பாக்கெட், எட்டு பத்து ரூபாய் கூடும்' என்று சொல்லிப் பாருங்கள். வாங்குகிறவர் வாங்குவார். வாங்காதவரும் அடுத்த வாரம் பருப்புக்கு நம்மிடம் வருவார்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். உணவுச் சரக்குகளின் வரி விகிதப் பட்டியலை, எச்.எஸ்.என். எண்ணோடு, கடையில் புழங்கும் தமிழ்ப் பெயரிலேயே வெளியிட வேண்டும் என்று வணிக வரித்துறையிடம் மனுக் கொடுக்க வேண்டும். அரசிதழ் மொழிபெயர்ப்பில் வருகிற தமிழ் நமக்குப் புரிகிற தமிழாக இருப்பதில்லை. அடுத்தது, தமிழ்நாட்டில் விற்கும் பிரட், ரஸ்க், பிஸ்கட் பாக்கெட்டுகளில் சேர்மானப் பட்டியல் தமிழிலும் இருக்க வேண்டும், அதில் மைதா என்ற சொல் மைதா என்றே இருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களைக் கேட்க வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் சரக்கு எடுக்கிற நாம் ஒன்றாகச் சேர்ந்து கேட்டால் போடாமலா இருப்பார்கள்?

மூன்றாவது, நாமே செய்துகொள்ள வேண்டியது. பில்லில் சரக்கின் பெயரைத் தொழிற்பெயராக மட்டும் எழுதாமல், அது என்ன என்று விளங்கும்படி எழுதுவோம். 'டோஸ்ட்' என்று மட்டும் வேண்டாம். 'ரஸ்க், பாக்கெட், 1905 40' என்று எழுதலாம். 'ரொட்டி' என்று மட்டும் வேண்டாம். பிரட், பரோட்டா, சப்பாத்தி, பிஸ்கட் என்று எதுவோ அதை எழுதலாம். பிஸ்கட்டுக்கு 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீதம், அதன் பிறகு 5. ரஸ்க்குக்கு முன்னும் பின்னும் 5. இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டதே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. பழைய வருஷத்துக் கணக்குகளுக்குத் தணிக்கை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த பில்களில் ரஸ்க் என்று இருக்கிறதா, பிஸ்கட் என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்து 13 சதவீதம் வித்தியாசப்படும். வசதி இருப்பவர்கள் 2025-க்கு முந்தைய கொள்முதல் பில்களை ஒருமுறை எடுத்துப் பார்த்து, சந்தேகமான பெயர் இருந்தால் ஆடிட்டரிடம் இப்போதே காட்டிவிடுங்கள்.

அதோடு, அவரவர் ஊரில் எந்தச் சரக்குக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அடுத்த செயற்குழுவுக்குள் நம் அலுவலகத்துக்கு அனுப்பினால், மனுவோடு சேர்த்துக் கொடுக்க உதவியாக இருக்கும். பன், ரஸ்க், பொறை, வர்க்கி எதையும் விட்டுவிட வேண்டாம். ரொட்டி என்ற சொல்லுக்கு மட்டும் நாலைந்து வரி இடம் விட்டு எழுதுங்கள். மதுரைக்காரர் சொல்வதும் தூத்துக்குடிக்காரர் சொல்வதும் ஒன்றாக இருக்காது.